மடியில் உட்காரும் பயணி: குழந்தை சீட் சட்டம் வந்த கதை

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோடை ஒரு பஸ் டிக்கெட்டில் இருந்து ஆரம்பிக்கலாம். நம்ம ஊர் பஸ்ஸில் கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. கொஞ்சம் வளர்ந்தால் அரை டிக்கெட். அதனால்தான் கண்டக்டர் வரும்போது அஞ்சு வயசுப் பையன்கூட திடீரென்று அம்மா மடிக்குத் தாவுவான். மடியில் இருக்கும்வரை அவன் கணக்கில் வராத பயணி. டிக்கெட் விஷயத்தில் இது சலுகை, நல்லதுதான். ஆனால் உயிர் விஷயத்திலும் நம் சட்டம் ரொம்ப காலம் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. மடியில் இருக்கும் குழந்தையைச் சட்டம் பயணியாக எண்ணத் தொடங்கிய கதைதான் இன்றைய எபிசோட்.

இதை நான் எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்க ஊர் வாலாஜாபாத். ராணிப்பேட்டை பக்கம் இருக்கிற வாலாஜாபேட்டை இல்லைங்க. ரெண்டுக்குமே ஆற்காடு நவாப் வாலாஜாவின் பெயர்தான், அதனால் குழப்பம் வரும். எங்களுடையது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டி இருக்கும் ஊர். 2016-ல் எங்க அக்கா குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு காஞ்சிபுரத்தில் இருந்து வாடகை காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாப்பாவுக்கு ஏழு மாசம். வெளியே வேடிக்கை பார்க்கட்டும் என்று முன் சீட்டில் என் மடியில் வைத்திருந்தேன். ஊருக்குள் நுழையும் நேரம், ஒரு நாய் குறுக்கே ஓடியது. டிரைவர் பிரேக் போட்டார். நான் பெல்ட் போட்டிருந்தேன். பாப்பா போடவில்லை. இறுக்கிப் பிடித்திருந்ததாகத்தான் நினைத்தேன். கையில் இருந்து வழுக்கிப் போய் டாஷ்போர்டில் நெற்றி இடித்தது.

பெரிசா ஒன்றும் ஆகவில்லை. நெற்றியில் ஒரு புடைப்பு. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "கண்ணு பட்டுடுச்சு" என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். அப்பா நாயைத் திட்டினார். மாமா டிரைவரைத் திட்டினார். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை உட்கார்ந்திருந்த இடம் தப்பு என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை, எனக்கும்தான். அப்போது காரில் போகிற குழந்தைக்கென்று நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் தனியாக ஒரு பிரிவுகூட இல்லை.

கை ஏன் வழுக்கியது?

ஒரு சின்ன கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் காருக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப் போல சராசரியாகப் பதினான்கு மடங்கு விசையோடு முன்னே போகப் பார்க்கும். 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் 140 கிலோவைத் தாங்குகிற பிடி வேண்டும். உச்சகட்டத்தில் அது இன்னும் அதிகமாகும். ஜிம்முக்குப் போகிறவராக இருந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் யாராலும் அப்படிப் பிடிக்க முடியாது. இன்னொரு விதமாகச் சொன்னால், அந்த வேகத்தில் மோதுவது மூன்றாவது மாடியில் இருந்து விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடிப் பால்கனிச் சுவரில் குழந்தையை உட்கார வைத்துவிட்டு, "நான்தான் பிடிச்சிட்டிருக்கேனே" என்று யாராவது சொல்வோமா?

அதோடு, மடியில் வைத்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்றால், அவருடைய எடையும் குழந்தை மேல்தான் வந்து விழும். இது எங்க வீட்டுக்கு மட்டும் புரியாமல் போன விஷயம் இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கே புரியாமல் போன ஓர் இடம் இருக்கிறது. அதற்கு அமெரிக்கா போக வேண்டும்.

டென்னசியும் ஒரு குழந்தை மருத்துவரும்

காரில் குழந்தைக்குத் தனி இருக்கை என்பது பழைய பொருள். 1930-களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அது பாதுகாப்புக்காக வந்தது இல்லை. குழந்தை சீட்டில் இருந்து தவழ்ந்து போகாமல் இருக்கவும், உயரமாக உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்க்கவும்தான்.

1959-ல் ஸ்வீடனின் வால்வோ நிறுவனத்தில் பொறியாளர் நில்ஸ் போலின் இன்று நாம் போடும் மூன்று முனை சீட் பெல்ட்டை வடிவமைத்தார். அது பெரியவர்கள் உடம்புக்கான அளவு. குழந்தையை என்ன செய்வது? 1962-ல் பிரிட்டனில் ஜீன் ஏம்ஸ், அமெரிக்காவில் லெனார்ட் ரிவ்கின் என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பாதுகாப்புக்கான குழந்தை இருக்கைகளை உருவாக்கினார்கள். அதற்கு அடுத்து, ஸ்வீடன் மருத்துவர் பெர்டில் ஆல்ட்மன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் மல்லாந்த நிலையில் இருக்கிறார்கள், விசை முழுக்க முதுகில் பரவிவிடுகிறது. குழந்தைக்கும் இதையே செய்தால் என்ன? கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து பலமில்லாதது. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் மோதும்போது தலை மொத்தமும் கழுத்தை இழுக்கும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் முதுகும் தலையும் சேர்ந்து சீட்டில் பதியும். பின்நோக்கிய குழந்தை சீட் இப்படித்தான் பிறந்தது. 1964-ல் வால்வோ அதன் முன்மாதிரியைச் சோதித்தது.

பொருள் வந்துவிட்டது, சட்டம் வரவில்லை. பெரியவர்கள் சீட் பெல்ட் போட்டே ஆக வேண்டும் என்று முதலில் சட்டம் போட்டது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம், 1970-ல். குழந்தைகளுக்கென்று முதல் சட்டம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1977-ல் நிறைவேறி, 1978 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். விபத்தில் அடிபட்டு வரும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து, மருந்தால் ஆகாத வேலையைச் சட்டத்தால்தான் செய்ய முடியும் என்று சட்டமன்ற உறுப்பினர்கள் பின்னாலேயே அலைந்தவர்.

நாலு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு சீட் கட்டாயம் என்று சட்டம் வந்தது. ஆனால் உறுப்பினர்கள் ஒரு விதிவிலக்கையும் சேர்த்துவிட்டார்கள்: குழந்தை பெரியவர் கையில் இருந்தால் சீட் வேண்டாம். அதாவது மடி போதும். "தாயின் கையைவிடப் பாதுகாப்பான இடம் எது?" என்ற எண்ணம்தான். சாண்டர்ஸ் அந்த விதிவிலக்கைக் 'குழந்தையை நசுக்கும் திருத்தம்' என்றே அழைத்தார். விடாமல் போராடினார். 1981-ல் அது நீக்கப்பட்டது. 1985-க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் குழந்தை சீட் சட்டம் வந்துவிட்டது. சரியாகப் பொருத்திய சீட், காரில் போகும் கைக்குழந்தை இறக்கும் அபாயத்தை 71 சதவீதமும், ஒன்று முதல் நாலு வயதுக் குழந்தைக்கு 54 சதவீதமும் குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு.

இப்போ திரும்ப நம்ம பக்கம் வரலாம்.

ஒரே சாலை, இரண்டு குழந்தைகள்

எங்க ஊரில் இருந்து தாம்பரம் பக்கம் பஸ் ஏறினால் வழியில் ஒரகடம் வரும். 2010-ல் அங்கே ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்தது. எங்க பக்கத்துப் பையன்கள் நிறைய பேருக்கு அங்கேயும் சுற்றியுள்ள கம்பெனிகளிலும்தான் வேலை. அந்தத் தொழிற்சாலையில் செய்த நிசான் மைக்ரா கார்கள் கப்பலேறி ஐரோப்பா போயின. ஐரோப்பிய ஒன்றியம் 2003-லேயே உத்தரவு போட்டு, 2006 முதல் காரில் போகும் குழந்தைகளுக்குத் தகுந்த சீட்டைக் கட்டாயமாக்கியிருந்தது. அப்படியென்றால் எங்க ஊர்ப் பையன் கை பட்ட கார், அங்கே போனால் அதில் ஏறும் குழந்தைக்குச் சட்டத்தின் காவல் உண்டு. அதே கார் இங்கேயே விற்றால் கிடையாது.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்யம் ஸ்டார். அந்த வருடம் நவம்பரில் ஒரகடத்திலேயே தயாரான டாட்சன் கோ காருக்கும் பூஜ்யம்தான். 'பட்ஜெட் கார்னா அப்படித்தான்' என்று நாமும் பழகிப்போனோம்.

அதே சாலையில் தாம்பரத்துக்குக் கிட்டே போனால் முடிச்சூர். 2012 ஜூலை 25. பள்ளி முடிந்து வீடு திரும்பிய ஆறு வயதுச் சிறுமி, ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து இறந்தாள். சீட்டுக்கு அடியில் ஓட்டை! தமிழ்நாடே கொதித்துப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. மஞ்சள் நிறம், உதவியாளர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி என்று பட்டியல் போட்டு, அதிகாரிகள் குழு வண்டிகளைச் சோதிக்கும் ஏற்பாட்டையும் செய்தது. பள்ளி திறப்பதற்கு முன்னால் மே மாதம் மைதானத்தில் மஞ்சள் பேருந்துகள் வரிசையாக நிற்கும் போட்டோவைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசைக்குப் பின்னால் இந்தச் சிறுமி இருக்கிறாள்.

ஆனால் நம் ஊரிலும் ஒரு சாண்டர்ஸ் இருந்தார். கோவை எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். சாலை விபத்தில் நொறுங்கி வருபவர்களைச் சேர்த்து வைப்பதே வேலையாக இருந்தவர், 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் விளைவாக 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதே 2014 ஜூனில் மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டே டெல்லியில் விபத்தில் இறந்தார். பின் சீட்டில், பெல்ட் போடாமல் இருந்தார். இரண்டும் சேர்ந்து பழைய சட்டத்தை மாற்றும் பேச்சை வேகப்படுத்தின.

1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர் கார் ஓட்டக் கூடாது என்று சொன்னது. அதாவது வண்டி ஓட்டிவிடக்கூடிய ஆளாகச் சிறுவர்களை அதற்குத் தெரியும். காரில் உட்கார்ந்து போகிற பயணியாகத் தெரியாது. திருத்த மசோதா 2016-ல் வந்து, மாநிலங்களவையில் சிக்கி, கடைசியில் 2019 ஆகஸ்டில் நிறைவேறியது. 2019 செப்டம்பர் 1 முதல் 194-பி பிரிவு நடைமுறைக்கு வந்தது. 14 வயது நிரம்பாத குழந்தை சீட் பெல்ட்டோ, குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் போனால் 1,000 ரூபாய் அபராதம். மடி என்ற விதிவிலக்கு இதில் இல்லை. டென்னசி 1981-ல் வந்து சேர்ந்த இடத்துக்கு நாம் 2019-ல் வந்தோம்.

ஒரு 'அல்லது'வும் ஒரு பைக்கும்

ஆனால் அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். 'பெல்ட் அல்லது குழந்தை இருக்கை.' அந்த 'அல்லது'வில்தான் ஓட்டை. மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவர்கள் பெல்ட்டை மாட்டிவிட்டால் சட்டப்படி வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பெல்ட் குழந்தையின் தோளில் படாது, கழுத்தில் ஏறும். இடுப்பெலும்பில் உட்காராது, வயிற்றை அழுத்தும். எந்த உயரம் வரை எந்த சீட் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

சரி, சட்டத்தைக் கறாராக அமல்படுத்தினால்? 2024 அக்டோபரில் கேரளா முயற்சி செய்து பார்த்தது. குழந்தை சீட் கட்டாயம், டிசம்பர் முதல் அபராதம் என்று போக்குவரத்து ஆணையர் அறிவித்தார். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே அமைச்சர் கே.பி. கணேஷ் குமார், அப்படி எதுவும் கட்டாயப்படுத்தப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

எதிர்த்தவர்களை எனக்குத் திட்டத் தோன்றவில்லை. சாயங்காலம் எங்க ஊர் கூட்ரோட்டில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கார் குறைவு. பைக்தான். அப்பா ஓட்டுவார், டேங்க் மேல் பையன், பின்னால் அம்மா, நடுவில் இன்னொரு குழந்தை. நானும் அப்படி வளர்ந்தவன்தான். அப்பாவின் டிவிஎஸ் 50-ல் முன்னால் நின்றுகொண்டு, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியிருக்கிறேன். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் கிட்டத்தட்ட 45 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருடம் இறந்தவர்களில் 9,500-க்கும் மேற்பட்டவர்கள் 18 வயதுக்குக் கீழே.

பைக்குக்கும் விதி வந்திருக்கிறது. நாலு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட், குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ், அதிகபட்சம் 40 கிலோமீட்டர் வேகம். 2022 பிப்ரவரியில் அறிவித்து, ஒரு வருடம் கழித்து நடைமுறைக்கு வந்தது. ஹார்னஸ் என்றதும் புதுசாக இருக்கிறது இல்லையா? துப்பட்டாவாலோ துண்டாலோ குழந்தையைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பைக்கில் போகும் அம்மாக்களை எங்க ஊரில் நான் தினமும் பார்க்கிறேன். யோசனை அவர்களுக்கு முன்பே இருந்தது. 30 கிலோ தாங்கும் பட்டை மட்டும் கைக்கு வரவில்லை.

இந்த விதியிலும் ஒரு இடைவெளி. ஒன்பது மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தையின் ஹெல்மெட்டுக்கு என்ன செய்வது? அதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம் என்பது பொதுவிதி. அப்படியானால் அப்பா, அம்மா, கைக்குழந்தை மூன்று பேர் போவதே குற்றம். 2023-ல் கேரளம் சாலைகளில் கேமரா வைத்தபோது இந்தக் கேள்விதான் வெடித்தது. சின்னக் குழந்தையை மூன்றாவது ஆளாக அனுமதிக்கும்படி அந்த மாநிலம் மத்திய அரசிடம் கேட்டது. மத்திய அரசு மறுத்தது. பாதுகாப்பு என்று பார்த்தால் மறுத்தது சரிதான். ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், பைக்கை விட்டால் வேறு வண்டி இல்லாத வீடு என்ன செய்யும்? அந்த வீட்டுக்குப் பதில் பஸ்ஸும் ஆம்புலன்ஸும்தான். அபராத ரசீது இல்லை.

கார் வைத்திருக்கிற நமக்கு

ஒரகடத்தில் இன்னொரு இடமும் இருக்கிறது. குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்ற மத்திய அரசு நிறுவனம். கார்களை மோதிப் பார்க்கும் கூடம் அங்கே உண்டு. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நம் நாட்டுக்கே சொந்தமான ஸ்டார் மதிப்பீடு வந்துவிட்டது. அதில் குழந்தைகள் பாதுகாப்புக்கென்று தனியாக 49 மதிப்பெண். சோதனையின்போது பின் சீட்டில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளின் அளவில் இரண்டு பொம்மைகளை, சரியான குழந்தை சீட்டில், சரியாக வார் மாட்டி வைப்பார்கள். 'குழந்தைகள் பாதுகாப்பு அஞ்சு ஸ்டார்' என்று விளம்பரம் பார்த்து நாம் கார் வாங்குகிறோம். அந்த ஸ்டார் அந்த சீட்டோடு சேர்ந்து வாங்கியது. ஷோரூமில் இருந்து நேராகக் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினால் அந்த ஸ்டார் நம் குழந்தைக்குச் செல்லாது.

பைக்கில் போகிற வீட்டுக்கு நான் சொல்லக்கூடியது ஹெல்மெட், ஹார்னஸ், மெதுவான வேகம், அவ்வளவுதான். இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கார் வைத்திருப்பவர்களுக்கு, வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லலாம். கைக்குழந்தைக்குப் பின்நோக்கிய சீட், அதுவும் பின் இருக்கையில். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் பின்நோக்கிய சீட்டை வைக்கவே கூடாது, ஏர்பேக் விரிகிற வேகமே குழந்தையைக் கொன்றுவிடும். சீட் பத்தாமல் போகும்வரை அவசரப்பட்டு முன்பக்கம் திருப்பாதீர்கள். பெல்ட் தோளின் நடுவிலும் இடுப்பெலும்பின் மேலும் தானாக உட்காரும் உயரம் வரும்வரை பூஸ்டர் சீட். வளைகாப்புக்கும் பெயர் சூட்டு விழாவுக்கும் என்ன வாங்கிக் கொடுப்பது என்று யோசிக்கிறோமே, நாலு நண்பர்கள் சேர்ந்தால் ஒரு குழந்தை சீட் வந்துவிடும். வெள்ளிக் கொலுசை வேறு யாராவது கொடுத்துவிடுவார்கள்.

அக்கா பாப்பாவுக்கு இப்போது நெற்றியில் தழும்பு எதுவும் இல்லை. அவளுக்கு அந்தக் கதையே தெரியாது. எனக்குத்தான் தெரியும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவளுடைய தம்பி என் மடியில் உட்காருவேன் என்று காரில் அடம் பிடித்தான். வண்டி நிற்கும்போது உட்கார்ந்துக்கோ, கிளம்பினால் உன் சீட்டுக்குப் போயிடணும் என்றேன். வாலாஜாபாத் ரயில்வே கேட் வரைக்கும் அழுதான். கேட் மூடியிருந்தது, அதனால் ரயில் போகும் வரை மடியில் வைத்துக்கொண்டேன். திறந்ததும் திரும்ப அவன் சீட்டில் உட்கார வைத்து, வாரை மாட்டினேன். திரும்ப அழுதான். அழட்டும்.

உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எப்படிப் போகிறது, பாட்டி தாத்தாவை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் சந்திக்கலாம். பின் சீட்டில் இருந்தாலும் பெல்ட் போடுங்க.